நாற்பத்தோராம் எண் பூங்காவில் அரை மணி நேரம்

நாற்பத்தோராம் எண் பூங்காவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

யாங்கோனின் நெரிசலான நடுப்பகுதியில், இரண்டு தெருக்களுக்கு இடையே, கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு புல்வெளி. நடுவில் படாவ் என்கிற ஒரு வேங்கை மரம். ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த ஆறு பெஞ்சுகள். சுற்றிலும் கம்பி வேலி. கேட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு தோட்டக்காரர்கள் வருவார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போய், உள்பக்கம் பூட்டிக்கொண்டு, புல்லுக்குத் தண்ணீர் விட்டு, பெஞ்சுகளைத் துடைப்பார்கள். ஏழு மணிக்கு வெளியே வந்து பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாருமே உட்காராத பெஞ்சில் அப்படி என்ன அழுக்கு என்று கேட்கக்கூடாது. துடைப்பது அவர்கள் வேலை. கேட்டில் ஒரு பலகையும் உண்டு. ‘இது பொதுமக்களின் பூங்கா. பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது.’

எதிர்ச்சாரியில் இரண்டாவது மாடியில் தனசேகரன் குடியிருந்தார். கோர்ட்டுப் பக்கத்து நடைபாதையில் மேசை போட்டு முப்பத்தொரு வருடமாக மனு டைப் அடிக்கிறவர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு மனு உண்டு, ஒழுங்காக அடித்த மனுவுக்கு ஒரு பதில் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. அடிக்கச் சொன்னவர்களுக்கே நம்பிக்கையில்லாத மனுக்களைக்கூட அவர் நம்பித்தான் அடித்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அவர் மனைவி சாந்தகுமாரி மொஹிங்கா நூடுல்ஸ் குழம்புக்கு மீன் வேகவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தெருமுனைக் கிளினிக்கில் டாக்டர் ரோஸ்லின் பார்த்தார். ரோஸ்லினுக்குச் சாந்தகுமாரியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“பேச்சு திரும்பிடும், அண்ணே. கையும் ஓரளவு வரும். காலுக்குத்தான் மருந்து கெடையாது, நடைதான். சமமா, மெத்துனு இருக்கற தரையில, செருப்பில்லாம, தெனம் அரை மணி நேரம் நடக்க வைங்க. ஆறு மாசம் டைம். அதுக்குள்ள நடக்கலேன்னா அந்தக் கால் அவ்வளவுதான்.”

சமமான, மெத்தென்ற தரைக்கு எங்கே போவது? அவர்கள் தெரு நடைபாதை என்பது சாக்கடைமேல் போட்ட சிமெண்டுப் பலகைகள். ஒன்று ஆடும், ஒன்று உடைந்திருக்கும், ஒன்று இருக்காது. அதன்மேலும் ஜெனரேட்டர்கள், லப்பெய் என்கிற தேநீர் விற்கும் கடைகளின் முக்காலிகள், கார்கள். தினமும் டாக்சி பிடித்துத் தூரத்துப் பூங்காவுக்குப் போக அவரால் ஆகாது. கீழ்வீட்டு லத்தீபாதான், தையல் மெஷினை மிதித்தபடியே, கண்ணெதிரே இருந்ததைச் சொன்னாள்.

“எதுத்தாப்பல அம்புட்டுப் புல்லு கெடக்கே, அண்ணே. அரை மணி நேரம் தொறந்து விடச் சொல்லி ஒரு மனு போடுங்களேன். ஊருக்கெல்லாம் போடுறீங்க.”

அன்றே தனசேகரன் மனு அடித்தார். வாழ்நாளில் அடித்த மனுக்களிலேயே சிறந்தது அதுதான். மனைவியின் அடையாள அட்டை நகல், குடும்பப் பட்டியல் நகல், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் இணைத்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தமிழர் பலருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பர்மியப் பெயர் அட்டைக்கு. தமிழ்ப் பெயர் வீட்டுக்கும் கோயிலுக்கும். அட்டையில் தனசேகரன் ஊ தான் ஸின். சாந்தகுமாரி டோ கின் தான். ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ, மரியாதைக்கு. மனுவோடு இணைத்த அட்டை நகலில் டோ கின் தான் என்று இருந்தது. டாக்டர் ரோஸ்லின் தனக்குத் தெரிந்தபடி சாந்தகுமாரி என்று எழுதியிருந்தார். ஊரார் மனுவில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிற மனிதர் இதைக் கவனிக்கவேயில்லை. அவருக்கு இரண்டும் ஒரே ஆள்தான். முப்பத்தாறு வருடமாக ஒரே ஆள்.

பசுமை இன்பப் பாதுகாப்பு அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். முன்பு அந்த இடத்தில் நகரத்தின் அழகான பூங்கா ஒன்று இருந்தது என்றும், பூங்காக்களைப் பாதுகாக்க அலுவலகம் தேவைப்பட்டதால் அதை வெட்டிவிட்டுக் கட்டினார்கள் என்றும் வாசலில் கல்வெட்டே வைத்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு எல்லா ஊழியர்களும் எழுந்து நின்று, வரவேற்பறைப் பிளாஸ்டிக் பனைமரத்தைப் பார்த்து உறுதிமொழி எடுத்தார்கள். மனு கொடுக்க வந்தவர்களும் எழுந்தார்கள். தனசேகரனும் எழுந்து, என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் வாயை அசைத்தார்.

அலுவலகத் தலைவர் ஊ தீன் ஸோ மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்றே மனுவை வாங்கினார், லப்பெய் வரவழைத்தார். லப்பெய் கொண்டுவந்த டோ லா என்கிற அம்மாள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி, நல்ல விறுவிறுப்பாக நடந்தாள். அவள் நடையைத் தனசேகரன் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் அவர் கண்ணுக்கு எல்லாருடைய காலும்தான் தெரிந்தது.

“ஊ தான் ஸின், உங்கள் மனுவைப் படித்து என் மனம் நெகிழ்ந்தது,” என்றார் தலைவர். பர்மியத்தில் இன்னும் அழகாகச் சொன்னார். “ஆனால் நீங்களே யோசியுங்கள். மக்கள் உள்ளே வந்தால் புல் சாகும். புல் செத்தால் பூங்கா இல்லை. பூங்கா இல்லாவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? மக்களுக்காகத்தான் மக்களை வெளியே நிறுத்தியிருக்கிறோம்.”

“அரை மணி நேரம்தான், சயா,” என்றார் தனசேகரன். சயா என்றால் ஐயா. “ஒரே ஒரு பொம்பளை. அதுவும் ஒரு கால்தான் அழுத்தி வைக்க முடியும்.”

“அதைக் கருத்தில் கொள்கிறோம். ஒரு காலுக்குத் தனி விதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். ஆனால் பதினான்காம் விதிப்படி, ஒரு பூங்காவைத் திறக்கக் கோருகிறவர் நகரத்தின் வேறு ஐந்து பூங்காக்களை நேரில் சென்று ஆராய்ந்திருக்க வேண்டும். அவற்றில் எதுவும் தனக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் இதைக் கேட்கலாம். இல்லையென்றால் அவரவர் வீட்டெதிரே இருப்பதையே எல்லாரும் கேட்பார்கள்.”

‘பசுமை நாடுநர் கையேடு’ என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். உள்ளே முத்திரை வைக்க ஐந்து கட்டங்கள். தனசேகரனுக்கு உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கட்டம் இருந்தால் நிரப்பிவிடலாம்.

முதல் பூங்கா டாலாவில். படகில் ஆற்றைக் கடந்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் வயல்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு பெரிய பலகை. ‘மூன்றாம் எண் பூங்கா. இயற்கையோடு இணைவோம்.’ பலகைக்குப் பின்னால் சேறு. பலகைக்கு எதிரே ஒரு காவலாளி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

“பூங்கா எங்கே?”

“வரும். ஐயாயிரம் பேர் வந்து போனதாக் கணக்கு வந்ததும் போட்டுருவாங்க.”

“இதுவரைக்கும் எத்தனை பேர்?”

“நீங்க மூணாவது ஆள். முதல் ரெண்டு பேர் வழி தப்பி வந்தவங்க. உக்காருங்க. பதினைஞ்சு நிமிஷம் உக்காந்தாத்தான் முத்திரை.”

தனசேகரன் பலகையைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் உட்கார்ந்தார். இயற்கையோடு இணைந்தார். முத்திரை வாங்கினார்.

அலுவலகத்தில் கையேட்டைப் பார்த்த குமாஸ்தா அம்மாள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். “இன்ப அளவு எழுதலையே? பத்துக்கு எத்தனைன்னு எழுதணும்.”

“எத்தனை எழுதலாம், சயாமா?”

“அது உங்க அனுபவம். எட்டுக்கு மேல எழுதினா அந்தப் பூங்காவே உங்களுக்குப் போதும்னு ஆகுது, மனு தள்ளுபடி. எட்டுக்குக் கீழே எழுதினா அரசுப் பூங்காவை அவமதிச்சதா ஆகுது. அதுக்குத் தனி விசாரணை.”

தனசேகரன் எட்டு என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சாந்தகுமாரி சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் நன்றாகப் புரிந்தது. “எட்டா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட ஒங்கம்மா ஆறுதான் குடுத்திருப்பாங்க.” அன்று அவள் கட்டிலிலிருந்து பால்கனி வரைக்கும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பதினொரு அடி நடந்தாள். அவர் எண்ணினார்.

இரண்டாவது பூங்கா தன்லியினில். பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தொழிற்சாலைக்குப் போகிறவர்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். பூங்கா விசாலமாகத்தான் இருந்தது. மரம்தான் ஒன்றுகூட இல்லை. மரத்துக்குப் பதிலாக வரிசை வரிசையாகக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் மரத்தின் பெயர் எழுதிய தகடு. மரங்களுக்கெல்லாம் இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது என்றார் கண்காணிப்பாளர். தலைநகரத்தில் ஒரு விழாவுக்காக லாரியில் ஏற்றிப் போனார்கள், விழா முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வருகைப் பதிவேட்டில் தினமும் முப்பது மரங்களுக்கும் ‘வெளியூர்ப் பணி’ என்று எழுதி அவர் கையெழுத்துப் போடுகிறார். பெஞ்சுகள் வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தால் அழுக்காகும். தனசேகரன் உறைமேல் உட்கார்ந்தார். ஜூன் மாதத்து மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க மரமில்லை. எட்டு என்று எழுதினார்.

ஜூலையில் அவரும் லத்தீபாவும் சாந்தகுமாரியை இருபக்கமும் தாங்கிக் கீழே தெருவுக்கே கூட்டிவந்தார்கள். புல் கிடைக்கிறவரை நடைபாதையிலாவது நடக்கட்டும் என்று. நாலு பலகை சரியாகத் தாண்டினாள். ஐந்தாவது ஆடியது. அவள் முழங்கால் மடங்கி விழுந்தாள். பெரிய காயமில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு படிக்கட்டைப் பார்த்தாலே அவள் இடது கை அவர் சட்டையை இறுக்கிக்கொள்ளும்.

அதிலிருந்து பகல் முழுக்கப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் எல்லா வீட்டிலும் போல ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். பேப்பரோ கடிதமோ கீழே மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஒரு கண் அந்தக் கயிற்றில், ஒரு கண் பூங்காவில். வேலியில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அதன் வழியாக ஒரு செவலை நாய் தினமும் உள்ளே போய், புல்லில் நாலு சுற்றுச் சுற்றிப் படுத்துப் புரளும்.

“அந்த நாய்க்கு எந்த ஆபீசுல கையெழுத்து வாங்குனாங்க?” என்று கேட்டாள் சாந்தகுமாரி.

தனசேகரன் கையேட்டை எடுத்துப் பையில் வைத்தார். மறுநாள் மிங்கலாடோனுக்குக் கிளம்பினார்.

மிங்கலாடோன் பூங்காவைச் சுற்றித் தகர வேலி. ஆள் உயரத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் மஞ்சள் கோடு, கோட்டுக்குப் பின்னால் வரிசை. தலைக்குமேல் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு ஐந்து நிமிடம், ஒரு கண்ணால் பார்க்கலாம். தனசேகரன் பார்த்தார். ஏதோ பச்சையாகத் தெரிந்தது. அது புல்லா, உள்பக்கம் இன்னொரு வேலியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பின்னால் நின்றவர், “எப்படி இருக்கு?” என்று கேட்டார். “எட்டு,” என்றார் தனசேகரன்.

நாலாவது பூங்கா ஏரிக்கரையில். அங்கே கேட் திறந்திருந்தது, மரங்கள் இருந்தன, மரத்தடியில் பெஞ்சுகளும் இருந்தன. அநேகமாக எல்லாப் பெஞ்சிலும் ஒரு குடை விரிந்திருந்தது. குடைக்குப் பின்னால் இரண்டு இளசுகள். யாங்கோனில் காதலர்களுக்குக் குடைதான் சுவர். தனசேகரன் ஒரு காலி பெஞ்சில் உட்காரப் போனார். காவலாளி “ஊலே, ஊலே” என்று, மாமா முறை வைத்துக் கூப்பிட்டபடி ஓடிவந்தார்.

“தனியா உக்காரக் கூடாது, ஊலே. ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர்னு கணக்கு. தனியா உக்காந்தா ஒரு ஆளோட இன்பம் வீணாப் போகுது.”

“என் சம்சாரத்தால வர முடியாது. அவளுக்காகத்தான் வந்தேன்.”

காவலாளி யோசித்தார். கெட்டவர் இல்லை. தன் குடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். “காலி இடத்தை மறைச்ச மாதிரி விரிச்சுப் பிடிங்க. மேலதிகாரி வந்தாலும் உள்ளே ஆள் இருக்குன்னு நினைச்சுப்பாரு.”

அறுபத்திரண்டு வயதில் தனசேகரன், பக்கத்தில் இல்லாத மனைவியைக் குடையால் மறைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். காற்று நன்றாக வந்தது. கீழே புல் சமமாக, மெத்தென்று இருந்தது. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது, வரவில்லை. அந்த மழைக்காலத்தோடு அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது.

செப்டம்பரும் முடிந்தது. டாக்டர் ரோஸ்லின் மாடியேறி வந்து சாந்தகுமாரியின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பாதத்தில் சாவியால் கீறிப் பார்த்தார். “தெரியுதாக்கா?” என்றார். சாந்தகுமாரி, “என்னா தெரியுது?” என்றாள். டாக்டர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அன்றைக்கு ஃபீஸ் வாங்கவில்லை. அதிலிருந்து தனசேகரனுக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் கையேட்டில் இன்னும் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. பாதியில் விட்ட மனு என்று ஒன்றை அவர் பார்த்ததில்லை. கால் போனாலும் அவள் பாதம் ஒரு தடவையாவது அந்தப் புல்லில் படட்டும் என்று இப்போது நினைத்தார். அவர் கேட்டது அவ்வளவுக்குச் சுருங்கியிருந்தது.

ஐந்தாவது பூங்கா அலுவலகத்திலேயே இருந்தது. மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் பச்சைக் கம்பளம் விரித்து, சுவரில் காட்டுப் படம் ஒட்டியிருந்தார்கள். பூங்கா எண் ஐந்து. பட்டியலில் எண் விடுபடக்கூடாது என்பதற்காக. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் பதினைந்து நிமிடம் நின்று, கடைசி முத்திரையை வாங்கி, தலைவர் முன்னால் கையேட்டை வைத்தார்.

ஊ தீன் ஸோ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “ஐந்து எட்டுகள். பொறுப்புள்ள குடிமகன் நீங்கள். ஆனால் கோப்பில் ஒரு சிக்கல். பூங்காவுக்கு எதிரே வசிப்பவர் டோ கின் தான். நோயாளி சாந்தகுமாரி. வசிப்பவருக்கு நோய் இல்லை. நோயாளிக்கு இங்கே வீடு இல்லை. நாங்கள் யாருக்குத் திறப்பது?”

“ரெண்டு பேரும் ஒரே ஆள்தான், சயா. என் சம்சாரம்.”

“இரண்டும் உங்கள் மனைவிதான் என்கிறீர்கள். உங்கள் குடும்ப விஷயத்தில் அலுவலகம் தலையிடாது. ஒரே ஆள் என்பதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் இருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும்.”

கோபம் வரவேண்டிய இடம் அது. தனசேகரன் அதைத் தேடிப் பார்த்தார், இல்லை. வீட்டுக்குப் போய்ப் பத்திரம் அடித்தார். சாந்தகுமாரி ஒரு பலகையை மடியில் வைத்து, இடது கையால் ஓர் இடத்தில் பர்மியத்திலும் ஓர் இடத்தில் தமிழிலும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு இரண்டையும் பார்த்தாள்.

“யாரு கையெழுத்து நல்லாருக்கு?” என்று கேட்டாள்.

“சாந்தகுமாரியோடது.”

“அவளுக்குக் கோணல். கின் தான்தான் நேரா எழுதியிருக்கா.”

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்துகள் நிபுணரால் ஒப்பிடப்பட்டன. இரண்டும் வேறுவேறாக இருப்பதால் இருவரும் வேறு நபர்கள் என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. பத்திரம் கொடுத்து உதவியதற்கு நன்றி. அவர்களுக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே அடித்துக்கொடுத்தது மாதிரி ஆயிற்று என்று தனசேகரன் நினைத்தார். ஆனால் யார் மேலும் வருத்தமில்லை. மழை போய்க் குளிர் வந்தது. அவர் கோர்ட்டு வாசலில் மற்றவர்களுக்கு மனு அடித்தார்.

அடுத்த மார்ச் மாதம் ஒரு காலை பால்கனி மணி அடித்தது. கயிற்றில் அனுமதி உத்தரவு தொங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு பசுமைக் குழு நகரத்தைப் பார்க்க வருகிறதாம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை நாற்பத்தோராம் எண் பூங்கா திறக்கப்படும். எதிரே வசிக்கும் டோ கின் தான் உள்ளே நடப்பார். நோயாளி சாந்தகுமாரி அதனால் பயன்பெறுவார்.

சாந்தகுமாரி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் லத்தீபா வந்து தலைவாரி, நீலப் புடவை கட்டிவிட்டு, கன்னத்தில் தனக்கா பூசிவிட்டாள். வலது காலை வெந்நீரில் கழுவி, நகம் வெட்டிவிட்டாள். அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இரண்டு மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் போதும் என்று சொல்லவில்லை. தெருவைக் கடந்து கேட்டுக்கு முன்னால் வைத்தார்கள். தேங்காய்ப் பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே சிவப்பு நாடா, மைக், காமிராக்கள். வளைந்த கம்பியை நிமிர்த்திவிட்டார்கள். நாய் வெளியே உட்கார்ந்திருந்தது.

ஊ தீன் ஸோ கேட்டுக்கு வந்து நாற்காலியைப் பார்த்தார்.

“இது என்ன?”

“என் சம்சாரம், சயா. அவளால இப்ப நடக்க முடியாது. தூக்கிக்கிட்டுப் போய்ப் புல்லுல கால மட்டும் வெச்சுட்டுத் திரும்பிடறோம்.”

“நாற்காலியின் கால் புல்லை அழுத்தும். மேலும் அனுமதி நடப்பதற்கு. உட்கார்ந்திருப்பதற்கு அல்ல.” குரலை இறக்கி, உண்மையான அக்கறையோடு சொன்னார். “ஊ தான் ஸின், பதற வேண்டாம். இது சட்டப்படி சரியாகவே இருக்கிறது. நோயாளி பயன்பெற வேண்டும், அவர் இங்கே இருக்கிறார். நடக்க வேண்டியவர் டோ கின் தான். அவர் வேறு நபர் என்று நீங்களே நிரூபித்திருக்கிறீர்கள். அவரை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.”

லப்பெய் கொண்டுவருகிற டோ லாவை அழைத்தார்கள். அவள் நீலப் புடவையைப் பார்த்தாள், தன் லுங்கியைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். “வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கணுமா, சயா?” என்று மெல்லக் கேட்டாள். பிடித்துக்கொண்டால் படம் நன்றாக வரும் என்றார்கள். சாந்தகுமாரியின் நாற்காலியை, கேட்டுக்கு வெளியே அன்றைக்குப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நகர்த்தினார்கள். தனசேகரன் அவளைப் பார்த்தார்.

“போங்க,” என்றாள் சாந்தகுமாரி. “பாவம், அந்தப் பொம்பளை நிக்குது.”

தனசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மைக்கில் ஊ தீன் ஸோ பேசினார். “இந்தப் புல்லில் பதினோரு வருடமாக ஒரு மனிதக் காலடிகூடப் படாமல் காத்தோம். எதற்காக? இந்த ஒரு நாளுக்காக. ஒரு நோயாளிப் பெண் இன்று நடக்கிறார். பூங்காக்கள் மக்களைக் குணப்படுத்துகின்றன.” எல்லாரும் கைதட்டினார்கள். வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டோ லா முதலில் வேகமாக நடந்தாள். காமிராக்காரர் கையைக் காட்டியதும் வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம். புல் ஈரமாக, மெத்தென்று இருந்தது. டாக்டர் ரோஸ்லின் சொன்னது அத்தனையும் சரி. போன மார்ச்சிலேயே இதில் நடந்திருந்தால் சாந்தகுமாரி நடந்திருப்பாள். தனசேகரனுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கடைக் கணக்கு மாதிரி, வலியில்லாமல் தெரிந்தது. கடைசி ஐந்து நிமிடம் டோ லாவைக் காலை இழுக்காமல் நடக்கச் சொன்னார்கள், குணமாகிவிட்டதற்கு அடையாளமாக.

ஏழரைக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிப் பூட்டினார்கள். பயனாளி பூரண குணமடைந்ததால் இனி அனுமதி தேவைப்படாது என்று குமாஸ்தா அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். கீழே ஒரு கட்டம். இன்ப அளவு. அதன் கீழே கையெழுத்து.

தனசேகரன் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் பாதத்தில் ஈரப் புல் ஒட்டியிருந்தது. சாந்தகுமாரி இடது கையை நீட்டி ஓர் இழையை எடுத்து, விரல்களுக்கிடையே வைத்து உருட்டினாள்.

“சில்லுனு இருக்கு,” என்றாள்.

“ம்.”

“நல்லா நடந்தேன், இல்லைங்க?”

தனசேகரன் பூட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “நல்லா நடந்தே,” என்றார்.

“அப்ப எட்டு போடுங்க.”

அவர் கட்டத்தில் எட்டு என்று எழுதினார். சாந்தகுமாரி புல் இழையை மடியில் வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, கையெழுத்து கேட்டிருந்த இடத்தில் இடது கையால் போட்டாள். பர்மியத்தில், நேராக, டோ கின் தான் என்று.